முள்ளக்காவும் ஆகாத நண்டும்

"முள்ளு பாத்து, முள்ளு பாத்து" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே முள்ளக்கா கடையின் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்துவிட்டார். சாப்பாடு இன்னும் வரவேயில்லை. தட்டுகூடப் போடவில்லை. முன்வாசலில் கடைக்காரர் "வாங்க, வாங்க" என்று எங்கள் கூட்டத்தை வரவேற்று நாற்காலி இழுத்துப் போடுவதற்குள், அக்கா அவருடைய அடுப்படியில் ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்து, ஒரு கணவாய்த் துண்டை நகத்தால் அழுத்திப் பார்த்து, தீர்ப்பே சொல்லிவிட்டார். "கணவாய் வேணாம், ரப்பரா இருக்கு. மத்தி நல்லா இருக்கு, அதையே பொரி. எலுமிச்சம்பழம் இன்னும் கொஞ்சம் நறுக்கு, பிசுனாறித்தனம் பண்ணாதே." கடைக்காரருக்கு இதிலெல்லாம் கோபம் வருவதில்லை. பழகிப்போன மனிதர்.

துறைமுகத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்களைப் பழைய தெருக்களில் நடத்திக் கூட்டிப்போய், கடைக்குக் கடை கொஞ்சம் கொஞ்சமாக மீனும் இறாலும் சிப்பியும் சாப்பிட வைத்து, இருட்டுவதற்குள் ஏப்பத்தோடு அனுப்பிவைப்பது முள்ளக்காவின் தொழில். சாப்பிடுவதற்கு எதற்கு நடக்க வேண்டும் என்று கேட்கிற கட்சி நான். பத்திரிகைக்கு எழுத வேண்டுமே என்றுதான் போனேன். முதல் கடையில் மத்தியைக் கடித்ததும் கட்சி மாறிவிட்டேன் என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

அக்காவுக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். காலில் கான்வாஸ் ஷூ. கையில் ஒரு நீளக் குடை. மழைக்கும் விரிப்பதில்லை, வெயிலுக்கும் விரிப்பதில்லை. கூட்டத்தை ஓட்டுவதற்கும், கடைகளைச் சுட்டிக்காட்டுவதற்கும், வழியில் நிற்கும் பூனைகளை விரட்டுவதற்கும் அந்தக் குடை. தோளில் தொங்கும் பையில் வாழைப்பழம் எப்போதும் இருக்கும். தொண்டையில் முள் சிக்கினால் மெல்லாமல் விழுங்க. எவ்வளவு எச்சரித்தாலும் யாராவது ஒருத்தர் சிக்க வைத்துக்கொள்ளாமல் இருப்பதில்லை. அன்று அந்த ஒருத்தர் நான். "பத்திரிகை சார், எழுதறதெல்லாம் அப்புறம். முதல்ல வாயில என்ன போகுதுன்னு பாருங்க" என்று பழத்தை உரித்து நீட்டினார். கூட்டமே சிரித்தது.

சரித்திரத்தில் அக்கா ரொம்பத் தாராளம். பழைய சுங்க மாளிகையின் கல்தூண்களைக் காட்டி, முன்னால் நின்றவர்களிடம் முந்நூறு வருஷத்துக் கட்டடம் என்றார். பின்னால் வந்து சேர்ந்தவர்களிடம் ஐந்நூறு என்றார். கண்ணாடி போட்ட ஒருவர் விடவில்லை. எந்த ராஜா கட்டியது என்று துருவினார். "கட்டினவன் எப்பவோ போய்ச் சேந்துட்டான், நீங்க பசியோட நிக்கிறீங்க. நடங்க சார்" என்று குடையை நீட்டிவிட்டார். அங்கே சரக்குக் கிடங்குகள் எல்லாம் இப்போது சாப்பாட்டுக் கடைகள். பாய்மரக் கப்பல் காலத்து இரும்புக் கொக்கிகள் இன்னும் உத்தரத்தில் தொங்குகின்றன. அதன் கீழே மேஜை போட்டு ஜனங்கள் சிப்பி உறிஞ்சுகிறார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் அக்கா ஐஸ் கம்பெனியில் இருந்தவர். கடைகளுக்குப் போகும் வண்டியில் ஐஸ்கட்டி ஏற்றி அனுப்பும் வேலை. எந்தக் கடை வெயில் காலத்திலும் ஐஸைக் குறைக்காது, எந்தக் கடை உருகினதையே வைத்துச் சமாளிக்கும் என்பதெல்லாம் அந்தக் காலத்திலேயே தெரிந்துகொண்டது. "ஐஸுக்குக் கஞ்சத்தனம் பண்றவன் கையில மீன் சாப்பிடக் கூடாது" என்பார். அப்படி ஒரு கடைக்காரர் ஒருமுறை பழைய இறாலைக் கொடுத்தபோது, தட்டை அவர் கண்முன்னாலேயே சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்தாராம். அடுத்த வாரமே ஒன்றும் நடக்காதது போல அதே கடைக்குக் கூட்டத்தோடு போயிருக்கிறார். இறால் அன்று துள்ளியதாம்.

வீட்டுக்காரர் கிரேன் ஓட்டியவர். கடலோரத்திலேயே வாழ்க்கை முழுக்கக் கழித்தும் மீன் வாடை பிடிக்காத மனிதர். தினமும் அக்கா எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் கதவு திறக்குமாம். இருவருக்கும் சண்டை வராதா என்று கேட்டேன். "எனக்கும் அவருக்கும் நல்லா ஆகும் சார். என் கைக்கும் அவருக்கும்தான் ஆகாது" என்றார்.

'ஆகாது' என்கிற அந்த ஒரு சொல்லில்தான் அன்றைய சாயங்காலம் முழுக்கச் சிக்கிக்கொண்டது.

கிளம்புமுன் கூட்டத்தை வட்டமாக நிற்க வைத்து, "யாருக்கு என்ன ஆகாது? வெக்கப்படாம சொல்லிடுங்க" என்று கேட்பது அக்காவின் வழக்கம். சொன்னவர்களின் தோளில் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டிவிடுவார். மஞ்சள் கிளிப் என்றால் காரம் கூடாது. சிவப்பு என்றால் நண்டு, இறால், சிப்பி என்று ஓடு உள்ளது எதுவும் கிட்டேயே வரக் கூடாது. அடுப்படியில் நிற்கிறவருக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. எப்போதோ ஒரு பெண் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டு, இறால் சூப்பை ஒரே ஒரு கரண்டி குடித்து, முகம் வீங்கி மூச்சுக்குத் திணறியிருக்கிறாள். பிழைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு கண்ணு சொருகினது இன்னும் என் கனவுல வருது சார்" என்று அதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் இறங்கிவிடுகிறது.

அன்று எங்களோடு ஒரு குடும்பம் வந்திருந்தது. மாமியார், மகன், புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள். மாமியார் நல்ல உயரம், மடிப்புக் கலையாத உடை, அதிகம் பேசாத வாய். மகன் மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, ஓயாமல் பேசும் வாய். மருமகள் மாமியாருக்கு ஒரு அடி பின்னால், அவர் கைப்பையைச் சுமந்துகொண்டு நடந்தாள். இந்தச் சாப்பாட்டு நடையை ஏற்பாடு செய்ததே அவள்தானாம். வந்தது முதல் எல்லாம் சரியாக நடக்க வேண்டுமே என்கிற கவலை அவள் முகத்தில் அப்பியிருந்தது.

அக்கா கேட்டதும் அவள்தான் மெதுவாகச் சொன்னாள். "அத்தைக்கு நண்டு ஆகாதுங்க."

"தொட்டாலே ஆகாது" என்று மகன் சேர்த்துக்கொண்டான். "நான் பிறக்கிறதுக்கு முன்னாடியிருந்தே. எங்க வீட்டுக்குள்ள நண்டே வந்ததில்ல."

அக்கா சிவப்பு கிளிப்பைத் தோளில் மாட்டியபோது, மாமியார் கடலைப் பார்த்தபடி நின்றார். அவ்வளவு கம்பீரமான தோளில் துணி கிளிப்பைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நாலாவது கடை, பழைய கயிற்றுக் கிடங்கு ஒன்றில். சமையல்காரரை எல்லோரும் எஞ்சினியர் என்கிறார்கள். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். அங்கே நண்டுச் சதையைப் பிசைந்து, உருண்டை பிடித்து, மொறுமொறுவென்று பொரித்துத் தருவார்கள். அக்கா வழக்கம்போலப் பின்வாசலில் போய், தனிச் சட்டி, தனி எண்ணெய், தனிக் கரண்டி என்று நின்று பார்த்து, மாமியாருக்கு மட்டும் மீன் உருண்டை போட வைத்தார். அந்தச் சின்னத் தட்டைத் தன் கையாலேயே கொண்டுவந்து மருமகளிடம் கொடுத்து, "இது உங்க அத்தைக்கு. மத்தது எல்லாம் நண்டு. மாத்திடாதே" என்று சொன்னதை நான் காதால் கேட்டேன். அப்புறம் எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. உருண்டை அப்படி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தட்டு எடுக்க வந்த எஞ்சினியர் நின்றுவிட்டார். "என்னக்கா, மீன் உருண்டை அப்படியே இருக்கு? அம்மாவுக்குப் பிடிக்கலயா?"

சின்னத் தட்டு மருமகளின் நாற்காலிக்கு முன்னால் தொடப்படாமல் இருந்தது. மாமியார் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் இருந்த பெரிய தட்டில் துகள்தான் மிச்சம்.

எல்லோருக்கும் ஒரே சமயத்தில் விஷயம் உறைத்தது. முள்ளக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. மகன் நாற்காலி கீழே விழ எழுந்தான். "என்ன பண்ணித் தொலைச்சே? உன் கையிலதானே தட்டைக் கொடுத்தாங்க?"

"நான் அத்தை முன்னாடிதாங்க வெச்சேன்..." என்றாள் மருமகள். அவள் அப்போதுதான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு மாமியாரின் பக்கம் ஓடினாள்.

"யாரும் கத்தாதீங்க!" என்று ஒரு அதட்டுப் போட்டார் அக்கா. மாமியாரின் உதட்டைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "அரிக்குதாம்மா? மூச்சு முட்டுதா? தொண்டை அடைக்குதா?" மாமியார் இல்லையென்று தலையாட்டினார். தெரு முனையில் ஒரு மருத்துவமனை இருந்தது. "எஞ்சினியரே, ஓடிப்போய் டாக்டரம்மாகிட்ட சொல்லு. நண்டு ஆகாதவங்க நண்டு சாப்பிட்டுட்டாங்கன்னு சொல்லு. ஊசியைத் தயாரா வெக்கச் சொல்லு. பத்திரிகை சார், அந்தப் பக்கம் பிடிங்க!"

நான் பிடித்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, ஆனாலும் பிடித்தேன். ஆளுக்கொரு பக்கமாக மாமியாரைத் தாங்கிக்கொண்டு கல் பாவிய தெருவில் விரைந்தோம். வாய் ஓயாத அக்காவின் உதடுகள் வழியெல்லாம் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. வேண்டிக்கொள்கிறார் என்று புரிந்தபோது நானும் வேண்டிக்கொண்டேன். பின்னால் மகன் நடந்துகொண்டே மனைவியைத் திட்டிக்கொண்டு வந்தான். "ஒரு தட்டை ஒழுங்கா வெக்கத் தெரியல. அம்மாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உன்னை மன்னிக்கவே மாட்டேன்." அவள் மாமியாரின் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

மாமியார் ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. நடையும் கொஞ்சம் தளர்ந்தது. ஆகா, மயக்கம் வந்துவிட்டது போலிருக்கிறதே என்று நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

டாக்டரம்மா கட்டிலில் உட்கார வைத்து நாடி பார்த்தார். நர்ஸ் ஊசியோடு பக்கத்தில் நின்றாள். "முன்னாடி நண்டு சாப்பிட்டப்ப என்ன பண்ணிச்சு? வீங்கிச்சா, வாந்தி வந்துச்சா?"

மகன்தான் முந்திக்கொண்டான். "தொட்டாலே அரிக்கும் டாக்டர். ரொம்ப வருஷமா. வீட்ல எல்லாருக்கும் தெரியும். இவளுக்கும் தெரியும். தெரிஞ்சும்..."

"டேய், அவளைத் திட்டாதே" என்றார் மாமியார். "தட்டை மாத்தினது நான்."

நர்ஸ் கையிலிருந்த ஊசியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நீ போனைப் பாத்துக்கிட்டிருந்தே. அவ தண்ணி எடுக்கப் போனா. நான்தான் என் தட்டை அவ பக்கம் தள்ளிட்டு அவளோட நண்டுத் தட்டை இழுத்துக்கிட்டேன். தெரிஞ்சுதான் சாப்பிட்டேன்." அவர் குனிந்து, தோளிலிருந்த சிவப்பு கிளிப்பைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். "எனக்கு நண்டு ஒண்ணும் பண்ணாது."

"அம்மா!" என்றான் மகன்.

"என்னடா அம்மா? நான் கல்யாணமாகி வந்த புதுசுல உங்க தாத்தா ஞாயித்துக்கிழமை ஆனா கூடை நிறைய நண்டு வாங்கிட்டு வந்துடுவாரு. வீடு நிறைய ஆளுங்க. அத்தனையையும் நான் ஒருத்திதான் உக்காந்து உடைச்சுக் கழுவணும். ஒரு கை வந்து ஒத்தாசை பண்ணாது. விரலெல்லாம் கீறி, உப்புத் தண்ணி பட்டு எரியும். எல்லாரும் ஒரு பிடி பிடிச்சு எழுந்ததுக்கு அப்புறம், எனக்குன்னு சட்டியைப் பாத்தா வெறும் ஓடுதான் கிடக்கும். ஒருநாள் கையைக் காட்டி, அரிக்குதுன்னு சொன்னேன். என் மாமியார் பாத்துட்டு, உனக்கு நண்டு ஆகாது போலிருக்கேன்னாங்க. நானும் ஆமான்னுட்டேன். அதோட நண்டு வாங்கறதையே நிறுத்திட்டாங்க."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?" என்றான் மகன்.

"யார்கிட்ட? எப்படி? இவ்வளவு நாள் பொய் சொன்னேன்னா? சொன்ன வாய், அப்படியே மூடிக்கிச்சு." அவர் மருமகளைப் பார்த்தார். "இன்னிக்கு அந்த வாசனை... என்னால முடியலம்மா. இவன் உன்னைத் திட்டினப்பவே சொல்லியிருக்கணும். கூச்சம் பிடுங்கித் தின்னுச்சு. ஓட்டமா ஓட வெச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதே."

மருமகள் அதுவரை அழவில்லை. இப்போது அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "அத்தை, நானும் நண்டுன்னா உயிரை விடுவேன். இந்த வீட்டுக்கு வந்ததிலேருந்து கண்ணால பாக்கல. உங்களுக்கு ஆகாதுன்னு ஆசையை அடக்கிக்கிட்டு இருந்தேன்."

"எனக்கு மட்டும் என்னவாம்" என்றார் மாமியார். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கட்டில் ஆடியது.

முள்ளக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தலையில் கையை வைத்துக்கொண்டு, "போன உயிர் இப்பத்தான் திரும்பி வருது. வயித்துல பாலை வார்த்தீங்கம்மா, நல்லா இருங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்ட கையோடு அவருக்குக் கோபமும் வந்துவிட்டது. "ஆகாதுன்னா எந்த ஆகாதும்மா? பிடிக்காத ஆகாதா, ஒத்துக்காத ஆகாதா, வேலை செய்ய முடியாத ஆகாதா? இனிமே இதையெல்லாம் நான் பிரிச்சுப் பிரிச்சுக் கேக்கணும் போலிருக்கே!" டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இருந்தாலும் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்ததற்காக எங்களைச் சும்மா விடவில்லை. எதற்கும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்லி, எல்லோரையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். மகன் மட்டும் ஒன்றும் புரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். பாவம், தான் பிறந்ததிலிருந்து நம்பிய ஒரு விஷயம் கண்முன்னால் கவிழ்ந்தால் யார்தான் விழிக்க மாட்டார்கள்?

ஒன்றும் ஆகவில்லை. நிச்சயமாக ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டரம்மா சொன்ன பிறகு வெளியே வந்தோம். கடல் காற்று அவ்வளவு நன்றாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அக்கா நாலு அடி நடப்பார், நின்று பெருமூச்சு விடுவார், "அப்பாடா" என்பார், மறுபடி நடப்பார். கயிற்றுக் கிடங்கில் மற்றவர்கள் சாப்பிடாமல் காத்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சினியர் பயத்தில் அடுப்பையே அணைத்துவிட்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் விட்ட பெருமூச்சில் மேஜைமேல் இருந்த காகிதம் பறந்தது.

"அம்மா, போதுமா? இல்ல..." என்று இழுத்தார் முள்ளக்கா.

மாமியார் ஒரு நிமிஷம் கம்பீரமாக யோசித்தார். "உருண்டையில சதை மட்டும்தானே இருந்துச்சு. முழு நண்டா கிடைக்குமா?"

அக்காவே உள்ளே போனார். நேரம் எடுத்துக்கொண்டார். முழு நண்டுகளாக வேகவைத்து, ஆவி பறக்க, பெரிய அகலத் தட்டு ஒன்றில் குவித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஓடு உடைக்கிற சின்னச் சுத்தியும் தட்டிலேயே இருந்தது. கூட்டம் முழுக்க வாயில் எச்சில் ஊற அந்தத் தட்டையே பார்த்தது. மாமியார் பழக்க தோஷத்தில் தன் வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு தட்டை நோக்கிக் கையை நீட்டினார். மருமகளும், "நான் உடைச்சுத் தர்றேன் அத்தை" என்று எழுந்தாள்.

முள்ளக்கா இரண்டு பேரையும் தாண்டிப் போய், தட்டை மகனின் முன்னால் வைத்தார். அவன் தட்டைப் பார்த்தான், சுத்தியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அக்கா குனிந்து, அவனுடைய முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, ஒரு கையை முழங்கைவரை மடித்துவிட்டார். பிறகு இன்னொரு கையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.